முத்திரையும் உத்தியோகமும்

சென்ற மாதம் ஒரு மாலை, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய என் மாணவி தன் தந்தையாருடன் என் வீட்டுக்கு வந்தாள். பண்டை நாகரிகங்களையும் தொல்லியலையும் பல்கலைக்கழகத்திற் பயிலவேண்டுமென்பது அவள் விருப்பம். தந்தையார் ஒரே கேள்விதான் கேட்டார்: "மாஸ்ரர், மண்ணைக் கிண்டுறதுக்கு ஆர் சம்பளம் குடுப்பினம்?"

கேள்வியிற் குற்றமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே விருப்பத்தோடு வந்த ஒரு மாணவனை, "வர்த்தகம் படி" என்று நானே திருப்பியனுப்பினேன். அவன் இன்று கொழும்பிற் கணக்காளனாயிருக்கின்றான். ஊருக்கு வரும்போதெல்லாம் கந்தரோடைத் தூபிகளிடையே சிறிது நேரம் நின்றுவிட்டே வீடு செல்வதாக ஒருமுறை சொன்னான். நான் வேறு பேச்செடுத்தேன்.

ஆகவே இம்முறை அவசரப்படாமல், அவர்களுக்கு ஆனைக்கோட்டையைப் பற்றிச் சொன்னேன். 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழியொன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு சிறிய முத்திரை கிடைத்தது. அதிலே 'கோவேத' எனப் படிக்கப்பட்ட மூன்று பிராமி எழுத்துக்கள். அவற்றின் மேல் மூன்று குறிகள். அவ்வெழுத்தைப் படிக்கப் பிராமியோடு பழந்தமிழும் பிராகிருதமும் அறிந்தவர் வேண்டும். எலும்பை ஆராய உடற்கூறு கற்றவர் வேண்டும். உடன் கிடைத்த மட்கலங்களின் வகையறிய இன்னொருவர் வேண்டும். குறிகளின் பொருளோ இன்னும் முடிந்த முடிபாகவில்லை.

"வேலை மலைபோலக் கிடக்குது, உத்தியோகந்தான் குறைவு" என்றேன். 1890இல் தொடங்கிய தொல்பொருள் திணைக்களம், நூதனசாலைகள், பல்கலைக்கழக விரிவுரைப் பதவிகள் என்று எண்ணினால் திறக்குங் கதவுகள் சிலவே. பலர் ஆசிரியராகின்றனர், சிலர் நிருவாக சேவைப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். தமிழகத்து ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியிலிருந்த காலத்திலேயே சிந்துவெளிக் குறிகளைத் தொகுத்து 1977இல் நூலாக வெளியிட்டார். அத்தகையோர் அரியர் என்பதையும் நான் மறைக்கவில்லை.

பெண் தலைகுனிந்தே இருந்தாள். தந்தையார் எழுந்து, சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பினார்.

"மாஸ்ரர், அந்தப் பிராகிருதம் எங்கை படிப்பிக்கினம்?"