கட்டி புற்றுநோய் இல்லையென்றால் வேறென்ன? படுவான்கரைப் பெற்றோர் அறியவேண்டிய ஒரு பரம்பரை நோய்

பிள்ளையின் கழுத்தில், கமக்கட்டில் கட்டி. ஸ்கான் எடுத்தால் ஈரலிலும் நுரையீரலிலும் திரட்சிகள். பெற்றோரின் நெஞ்சில் முதலில் விழும் சொல் புற்றுநோய்தான். வைத்தியருக்கும் அந்தச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். ஆனால் கட்டியில் சிறு துண்டெடுத்துச் சோதித்து, "புற்றுநோய்க் கலங்கள் இல்லை, அழற்சிதான்" என்று அறிக்கை வந்ததும் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறோம். பிறகு வேறோர் இடத்தில் கட்டி வருகிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் நினைக்கவேண்டிய நோய்களில் ஒன்று, நாட்பட்ட கிரனுலோமா நோய். பிறப்பிலேயே வரும் நோயெதிர்ப்புக் குறைபாடு இது. வெண்குருதிக் கலங்கள் கிருமியை விழுங்கி, ஒட்சிசனிலிருந்து நச்சுப்பொருள் உண்டாக்கி அதைக் கொல்லும். இந்தப் பிள்ளைகளின் கலங்கள் விழுங்கும், ஆனால் சில கிருமிகளைக் கொல்லமாட்டா. சாகாத கிருமியைச் சுற்றி மேலும் கலங்கள் குவிந்து கட்டியாகின்றன. சிலவேளை கிருமி இல்லாமலே அழற்சி பெருகி, இரைப்பையின் வாயிலையோ சிறுநீர்ப் பாதையையோ அடைக்கும். அத்தகைய கட்டி பெரும்பாலும் ஸ்டெரோயிட் மருந்துக்கே சுருங்கும்.

1957இல் அமெரிக்காவின் மினசோட்டா வைத்தியர்கள் இதை விவரித்தபோது, பிள்ளைகளின் உயிர்கொல்லி நோய் என்றே பெயரிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்பது மேலைநாட்டுக் கணக்கு. அவ்வளவு அரிதானதை ஏன் பழுகாமத்தை நினைத்து எழுதவேண்டும்?

மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. இந்நோயின் முக்கிய வகையும் தாய்வழியாகவே வருகிறது. தாய் சுகமாக இருப்பார், குறையைச் சுமப்பார். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இன்னொரு வகையில் தாய், தகப்பன் இருவரும் குறையைச் சுமக்கவேண்டும். மச்சான், மச்சாள் கலியாணம் நடக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்புக் கூட. குடி வேறாக இருப்பது இதைத் தடுக்காது.

ஆகவே வைத்தியர் கேட்காவிட்டாலும் நாம் சொல்லவேண்டியது, தாயின் சகோதரர்களோ தாய்வழி ஆண்பிள்ளைகளோ சிறுவயதில் இறந்தார்களா என்பது. ஷெல்லில் இறந்தவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். 2007 இடம்பெயர்வில் காய்ச்சலோடு போன கைக்குழந்தையை யாரும் பேசுவதில்லை. கிளினிக் கொப்பிகளும் வீடுகளோடு போய்விட்டன. அம்மம்மாவின் ஞாபகம்தான் பல வீடுகளில் மிஞ்சியிருக்கும் மருத்துவப் பதிவு.

உறுதிசெய்யக் கொஞ்சம் குருதி போதும். பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடிக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ போனால், குழந்தை வைத்திய நிபுணரிடம் கேட்கலாம். நோயெதிர்ப்புக் குறைபாட்டுப் பரிசோதனைகள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் செய்யப்படுகின்றன. உறுதியானால் கோட்ரைமொக்சசோலும் பூஞ்சணத்துக்கெதிரான மருந்தும் தினமும் எடுக்கவேண்டும். இதனால் பலர் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். முழுமையாகக் குணப்படுத்த என்புமச்சை மாற்று உண்டு, அது எல்லோருக்கும் எட்டுவதில்லை.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் என்றால், அடுத்த பிள்ளை பிறக்குமுன்பே வைத்தியசாலையில் சொல்லிவிடுங்கள். பிறந்தவுடன் போடும் பீசீஜீ ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி. பரிசோதனை முடியும்வரை அதைத் தள்ளிவைப்பார்கள். மற்றப் பிள்ளைகள் யாரும் அந்த ஊசியைத் தவிர்க்கக்கூடாது.

நோயுள்ள பிள்ளையை வைக்கோல் போரிலும் மக்கிய குப்பையிலும் விளையாட விடாதீர்கள். அங்குள்ள பூஞ்சணம் நுரையீரலுக்குள் போனால் சில நாட்களிலேயே ஆபத்தாகும். தேங்கிய நீரும் வயற்சேறும் அப்படியே. சூடடிக்கும் நாட்களில் அந்தப் பிள்ளை களத்துக்கு வரவேண்டாம்.