தங்கத்தால் முடியாததை நிக்கல் செய்கிறது

தெங்கேராவிலிருந்து மலாக்கா பழைய நகருக்குள் வந்தால் ஜாலான் துக்காங் எமாஸ். பெயரிலேயே இருக்கிறது: பொற்கொல்லர் தெரு. பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே நடந்திருப்பீர்கள். பாட்டியின் தங்கச் சங்கிலி ஐம்பது வருடமானாலும் கறுப்பதில்லை. செப்புக் குடத்தைத்தான் புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கிறது. தங்கம் எதனோடும் எளிதில் வினைபுரியாது என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஏன் புரியாது?

1995இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹாமர், நோர்ஸ்கோவ் இருவரும் இதற்குக் கணினியில் விடை தேடினார்கள். சோதனைப் பொருள் ஹைட்ரஜன் மூலக்கூறு. அதன் இரு அணுக்களைப் பிரிப்பது லேசான வேலை இல்லை. 2 கிராம் ஹைட்ரஜனின் பிணைப்புகளை அறுக்க 436 கிலோஜூல் வேண்டும். அதைக் கொண்டு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஆனால் சரியான உலோகப் பரப்பில் அது தானே பிரிகிறது. பள்ளியில் 'மங்கின்' என்று படிக்கிறீர்களே, அந்த வினையூக்கியின் வேலை இது.

கணினி என்ன செய்கிறது? ஒவ்வோர் எலக்ட்ரானையும் பின்தொடர்ந்தால் கணக்கு முடியவே முடியாது. எலக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதை வைத்தே ஆற்றலைக் கணக்கிடலாம் என்று வழிகாட்டிய வால்டர் கோன் 1998இல் நோபல் பரிசு பெற்றார். அந்த முறையில் மூலக்கூறை உலோகத்தை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஆற்றலைக் குறித்துக்கொள்கிறார்கள். வரைபடத்தில் மேடு வந்தால் அதுதான் தடை.

பிளாட்டினத்தில் மேடு இல்லை என்றே சொல்லலாம். நிக்கலில் சிறியது. செம்பிலும் தங்கத்திலும் பெரியது.

காரணத்தைக் கவனியுங்கள், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஹைட்ரஜன் நெருங்கும்போது அதன் எலக்ட்ரான்களும் உலோகத்தின் டி-எலக்ட்ரான்களும் கலந்து இரண்டு வகை ஆற்றல் நிலைகள் உருவாகின்றன. ஒன்று பிணைக்கும், மற்றொன்று விலக்கும். நிக்கலிலும் பிளாட்டினத்திலும் விலக்கும் நிலை பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அதனால் பிடிப்பு கிடைக்கிறது. செம்பிலும் தங்கத்திலும் அது நிரம்பிவிடுகிறது. தங்கத்தின் டி-எலக்ட்ரான்கள் செம்பினுடையதைவிட வெளியே பரவியிருப்பதால் தள்ளலும் அதிகம்.

நிக்கல் ஹைட்ரஜனைப் பிரிக்கும் என்பது புதுச் செய்தி அல்ல. பிரான்சின் சபாத்தியே அதைச் சோதனையில் காட்டி 1912இல் நோபல் பரிசு வாங்கியவர். நம் தோட்டங்களில் விளையும் செம்பனையின் கொட்டை எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக்கும் ஆலைகளிலும் நிக்கல்தான். கணினி தந்தது காரணத்தை. கூச்சிங்கின் ஹைட்ரஜன் பேருந்துகளில் இருப்பது போன்ற எரிபொருள் கலங்களுக்கு விலை உயர்ந்த பிளாட்டினம் தேவைப்படுகிறது. காரணம் தெரிந்ததால், அதைக் குறைக்க எந்த உலோகக் கலவை உதவும் என்று ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன்பே கணக்கிட்டுச் சலிக்கிறார்கள்.

தங்கத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கணக்கு தட்டையான பரப்புக்குப் போட்டது. சில நானோமீட்டர் அளவுத் துகளாக்கி உலோக ஆக்சைடின்மேல் பதித்தபோது, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயும் தங்கம் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு சேர்த்துவிட்டது. 1987இல் அதை வெளியிட்டவர் ஜப்பானின் ஹாருத்தா.