எல்லைக் கிராமங்களில் இரண்டாவது இருப்புப்பாதை



அஸ்ஸாம் மாநிலத்துத் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் விவேக் விரைவு வண்டியில் பயணம் செய்தவர்கள் உங்களுள் சிலர் இருக்கக்கூடும். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வண்டி 4,100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடக்கிறது. பிரம்மபுத்திரைச் சமவெளியையும் வங்கத்தையும் ஆந்திரத்தையும் தாண்டி வந்தவர், ஊர் நெருங்கிவிட்டது என்று பெட்டி படுக்கைகளைக் கட்டி வைத்த பின்னர், நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ வண்டி அசையாது நிற்கக் காண்பார். எதிரே வரும் வண்டிக்கு வழிவிடவே அந்த நிறுத்தம். நாலாயிரம் கிலோமீட்டர் வந்தவர் கடைசி அறுபது, எழுபது கிலோமீட்டரில் பொறுமையிழப்பது இயல்பே. அந்நிலையை மாற்றுவதற்காகவே இப்பகுதியில் இரண்டாவது இருப்புப்பாதை அமைக்கப்பட்டு வருகிறது. அப்பாதை எவ்வாறு உருவாகிறது, அதற்காகக் கிராமத்தார் எதைக் கொடுக்கின்றனர், வெளிமாநிலங்களில் வாழும் நீங்கள் அறிந்திருக்க வேண்டியது யாது என்பனவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இருப்புப்பாதை இவ்வூர்களுக்குத் தாமதமாகவே வந்தது. திருவிதாங்கூர்ச் சீமைக்குள் முதல் இரயில், செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்துகொண்டு 1904-ஆம் ஆண்டில் கொல்லத்தை அடைந்தது. அங்கிருந்து 1918-இல் திருவனந்தபுரத்தின் சாக்கைக்கும், 1931-இல் நகரின் நடுவிலுள்ள தம்பானூருக்கும் நீண்டது. அதற்கப்பால் அரை நூற்றாண்டுக் காலம் அது நகரவேயில்லை. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, குழித்துறை ஆகிய ஊர்களுக்கு மாட்டுவண்டியும், 1938 முதல் அரசு நடத்திய பேருந்துமே துணை. கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையேயான ஏறத்தாழ 87 கிலோமீட்டர் அகலப்பாதை 1979-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையேயான பாதை 1981-இல் முடிந்தபோது தமிழ்நாட்டின் பிற பகுதிகளோடு தொடர்பு நிறைவுற்றது.

இதற்கிடையில் நிலவரைபடம் மாறிவிட்டிருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தமிழ்ப் பகுதிகளையும் இணைக்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்தது, அக்கோரிக்கை நிறைவேறவில்லை. ஆகவே பாறசாலை கேரளத்தின் கடைசி இரயில் நிலையங்களுள் தென்கோடியாகவும், அடுத்த நிலையமான குழித்துறை மேற்கு தமிழ்நாட்டிலும் அமைந்தன. எல்லை ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: அமரவிளை, இஞ்சிவிளை. ‘விளை’ என்பது தென்னையும் மரவள்ளியும் வாழையும் பயிராகும் மேட்டுத் தோட்டத்திற்கு நாஞ்சில் நாட்டிலும் இன்று வழங்கும் சொல். கோடு பிரித்த ஊர்களைச் சொல் பிரிக்கவில்லை.

இனி, ஒற்றைப் பாதையில் வண்டி ஏன் காத்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒற்றைப் பாதையில், எதிரெதிராக வரும் இரு வண்டிகளை ஒரே சமயத்தில் அனுமதிக்க இயலாது. ஒன்று நிலையத்தின் பக்கப்பாதையில் ஒதுங்கி நிற்க, மற்றொன்று கடந்து செல்லும். இதனையே ‘கிராசிங்’ என்கிறோம். ஒரு வண்டி கால் மணி நேரம் தாமதமானால், அதற்காகக் காத்திருக்கும் வண்டியும் தாமதமாகிறது. அதனை எதிர்நோக்கும் மூன்றாவது வண்டியும் தாமதமாகிறது. ஒருவர் செய்த தாமதத்திற்குப் பலர் வட்டி கட்டுவது போன்றது இது. இரட்டைப் பாதையில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று அமைவதால் இச்சங்கிலி அறுபடுகிறது. வாஞ்சி மணியாச்சிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையேயான இரட்டைப் பாதைப் பணிகள் 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. திருவனந்தபுரத்திற்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பணி கட்டங்கட்டமாக நடைபெறுகிறது.

பணி தாமதமாவதற்கு நில அமைப்பும் ஒரு காரணம். நெய்யாற்றின்கரை வட்டம் சமவெளியன்று. வெட்டுக்கல் மேடும், அதன் கீழே வயலும், மீண்டும் மேடுமாக நிலம் அலையலையாக எழுந்து தாழ்கிறது. சாலை மேட்டில் ஏறி இறங்கலாம். இருப்புப்பாதைக்கு அவ்வுரிமை இல்லை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்வதே இரயிலுக்குக் கடினமான ஏற்றம். எனவே மேட்டை வெட்டவும் பள்ளத்தை நிரப்பவும் வேண்டியிருக்கிறது.

இங்கேதான் கிராமத்தாரின் ஐயம் எழுகிறது. “இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர்தானே, அதற்கு இவ்வளவு நிலம் எதற்கு?” என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. பத்து மீட்டர் ஆழத்திற்கு மேட்டை வெட்டினால், மண் சரியாதிருக்கப் பக்கங்களைச் சாய்வாக விட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்ற சாய்வில், இருபுறமும் பத்துப் பத்து மீட்டராக இருபது மீட்டர் அகலம் சாய்வுக்கே போய்விடும். மழைநீர் வடிகாலுக்கும் பராமரிப்பு வழிக்கும் மேலும் இடம் வேண்டும். ஆழம் கூடக் கூட மேற்பரப்பில் எடுக்கப்படும் நிலமும் கூடுகிறது. பெருநகரங்களில் இதற்கு மாற்று வழி உண்டு. சென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ பாதையின் தொடக்கப் பகுதி நிலத்தடியிலேயே செல்கிறது. நிலையம் அமையும் இடங்களைத் தவிர மேலேயுள்ள வீடுகளும் கடைகளும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. ஆயின் அச்செலவை நெருக்கமான மாநகரமே தாங்கும். தென்னந்தோப்பின் நடுவே செல்லும் பாதைக்கு விளையையும் வயலையும் விட்டுக்கொடுப்பதே வழியாகிறது.

மண்பணி முடிந்து, ஆற்றின் மீதும் ஓடைகளின் மீதும் பாலங்கள் எழுந்தபின் சரளைக்கல் பரப்பப்படுகிறது. அதன்மேல் கிலோமீட்டருக்கு 1,660 என்ற கணக்கில் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் வைக்கப்படுகின்றன. இரண்டு ஸ்லீப்பர்களுக்கு இடையே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளங்கள் அவற்றின்மேல் பொருத்தப்படுகின்றன. 87 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 1,44,000 ஸ்லீப்பர்களும், 10,000 டன்னுக்கு மேற்பட்ட எஃகும் ஆகின்றன. இவையெல்லாம் முடிந்தாலும் பயணிகள் வண்டி உடனே ஓடிவிடாது. இரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் ஆய்வு செய்து, ஒப்புதல் அளிக்க வேண்டும். இவ்வாணையம் இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. கட்டியவரே தம் கட்டடத்துக்கு நற்சான்று வழங்கலாகாது என்பதே அதன் கருத்து.

இனி வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். எல்லைக் கிராமங்களில் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று பங்கு வைத்திருக்கும் பலர் மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் இருக்கின்றனர். நிலமோ இறந்துபோன தந்தையின் பெயரிலோ பாட்டனாரின் பெயரிலோ இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின்படி, முதல்நிலை அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பின்னர் உரிமை கோருமாறு தனி அறிவிப்பு வரும்; அதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. உரியவர் வெளியூரில் வசித்து, அவருக்கு உள்ளூரில் முகவர் ஒருவரும் இல்லையெனில், கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. முகவரியே பழையதாயின் அஞ்சல் என்ன செய்யும்? நிர்ணயிக்கப்பட்ட இழப்பீட்டோடு நூறு விழுக்காடு ஆறுதல் தொகையும் சேர்த்தே வழங்கப்படும். அத்தொகை போதாதென்று கருதுபவர், தீர்ப்பு வழங்கும்போது உடனிருந்தால் ஆறு வாரங்களுக்குள் மேல்விசாரணை கோரலாம். காலம் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

மற்றொரு தடை மொழி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இது என் குடும்பத்திலேயே கிடைத்த பாடம். வடக்கே ஓர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, மலையாளத்தில் வந்த ஓர் அறிவிப்பை அடுத்த வீட்டாரைக் கொண்டு படித்துக் கேட்டார். ‘ஆதாரம்’ அனுப்ப வேண்டுமென்று அதில் இருந்தது. உடனே ஆதார் அட்டையின் நகலை அனுப்பிவைத்து நிம்மதியாயிருந்தார். மலையாளத்தில் ‘ஆதாரம்’ என்பது நிலத்தின் கிரயப் பத்திரம் என்பதை நான் சொல்லி அவர் அறிந்தபோது, குறித்த நாளுக்கு நான்கு நாட்களே எஞ்சியிருந்தன. மூலப் பத்திரமோ ஊரில் சித்தப்பாவின் பெட்டியில் இருந்தது. அதனைத் தேடி எடுத்து, நகல் சேர்ப்பதற்குள் குடும்பமே தவித்துப்போயிற்று.

இத்தகைய சொற்கள் இன்னும் உண்டு. ‘போக்குவரவு’ என்றால் வண்டிப் போக்குவரத்து என்று நாம் எண்ணுவோம். கேரள வருவாய்த்துறையில் அது பெயர் மாற்றம். ‘தண்டப்பேர்’ என்பது தண்டனையன்று. நிலவுடைமையாளரின் வரிக் கணக்கு. பரப்பளவு இன்று ‘ஆர்’ கணக்கில் எழுதப்படுகிறது. ஓர் ஆர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். பத்து ஆர் என்பதைப் பத்து சென்ட் என்று எண்ணிக் கையொப்பமிடுபவர், தம் நிலத்தின் பெரும்பகுதியைத் தம் மனத்திலேயே இழந்துவிடுகிறார்.

ஆனால் மொழி தெரியாதவர் வாய்மூடியிருக்க வேண்டியதில்லை. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்தில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், சிறுபான்மை மொழிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே எழுதலாம் என்றும், மறுமொழியும் அம்மொழியிலேயே அமையவேண்டும் என்றும் விதிக்கிறது. பயன்படுத்தாத உரிமை, பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பத்திரம் போன்றதே.

ஆகவே, அடுத்தமுறை விடுமுறையில் ஊர் செல்லும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பத்திரம் எங்கே, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பங்காளிகள் ஒன்றுகூடி, பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். கிராம அலுவலகத்தில் உங்கள் இன்றைய முகவரியைப் பதிவு செய்யுங்கள். உடைமை குறித்துப் பூசல் இருந்தால் இழப்பீடு அதற்குரிய தீர்ப்பாயத்தில் முடங்கிக் கிடக்கும். உடன்பிறந்தோர் ஒற்றுமையாயிருந்தால் வீடு வந்து சேரும்.

இரண்டாவது பாதை முடிந்தபின், பாறசாலையில் வண்டி காத்து நிற்கும் காட்சி பழங்கதையாகிவிடும். ஊருக்கு வரும் பயணியின் நேரம் மிச்சமாகும். அந்த நேரம் யாரோ ஒருவருடைய விளையிலிருந்தும் வயலிலிருந்தும் எடுக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களுக்குரிய தொகை, அவர்களுக்குப் புரியும் மொழியில், உரிய காலத்தில் சென்று சேர்ந்தால்தான் அப்பாதை முழுமை பெற்றதாகும்.