கணினிப் புதுப்பிப்பு: முடிவெடுப்பது யார்? கேரளப் பள்ளிகள் கண்ட விடை

திருவனந்தபுரம்: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கணினியை மாற்றுவதா, பணம் கட்டுவதா, பாதுகாப்பின்றித் தொடர்வதா என்ற கேள்வி உலகெங்கும் பல கோடிப் பயனர்கள் முன் எழுந்தது. ஆனால், கேரளத்தில் அரசு வழங்கும் இயங்குதளத்தில் செயல்படும் பள்ளிக் கணினிகளுக்கு அந்தத் தேதி ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

காரணம், அந்தக் கணினிகளில் இருப்பது விண்டோஸ் அல்ல. திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் ‘கைட்’ எனும் மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் தயாரித்து வழங்கும் லினக்ஸ் இயங்குதளமே அவற்றில் நிறுவப்பட்டுள்ளது. எந்தப் புதிய பதிப்பு வகுப்பறைக்குள் வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்பதை அந்நிறுவனமே முடிவு செய்கிறது.

தனிப்பட்ட பயனர்களுக்கு இந்த உரிமை எந்த அளவுக்கு உள்ளது, புதுப்பிப்புகளோடு தனியுரிமைக் கவலையும் ஏன் சேர்ந்து வருகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புதுப்பிப்பு ஏன் தேவை?

மென்பொருளில் பிழைகள் இருப்பது இயல்பு. அவற்றில் சில, வெளியாள் ஒருவர் கணினிக்குள் நுழைய வழிவிடும் ஓட்டைகளாக அமைகின்றன. அந்த ஓட்டையை அடைப்பதே பாதுகாப்புப் புதுப்பிப்பின் பணி. அதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு.

2017 மார்ச் 14-ஆம் தேதி விண்டோஸில் இருந்த கடுமையான ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. அதை நிறுவாத கணினிகளை மே 12-ஆம் தேதி தொடங்கிய ‘வான்னாகிரை’ தாக்குதல் முடக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது அந்த நிரல். வயநாடு மாவட்டம் தரியோடு, பத்தனம்திட்டா மாவட்டம் அருவாப்புலம் ஆகிய ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் அதற்கு இலக்காகின. திருத்தம் வெளியாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தபோதிலும் அது அந்தக் கணினிகளைச் சென்றடையவில்லை.

எதிர்த்திசையில் நிகழ்ந்த விபத்தும் உண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது.

ஆகவே புதுப்பிப்பை முற்றிலும் மறுப்பதும் ஆபத்து. சோதித்துப் பார்க்காமல் ஒரே நேரத்தில் எல்லாக் கணினிகளிலும் ஏற்றுவதும் ஆபத்து.

பயனர்களின் கோபம் எங்கிருந்து வந்தது?

பாதுகாப்புத் திருத்தத்தோடு பயனர் கேட்காத பலவும் ஒரே பொட்டலமாக வந்து சேர்வதே எரிச்சலின் வேர். 2015 ஜூலை 29-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10, பழைய பதிப்புகளைப் பயன்படுத்தியோருக்கு ஓராண்டு இலவசமாக வழங்கப்பட்டது. அதற்கான அறிவிப்புப் பெட்டி திரும்பத் திரும்பத் தோன்றியது. 2016-இல் அந்தப் பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறிக்கப்பட்ட நேரத்தில் புதிய பதிப்பு நிறுவப்படும் நிலை ஏற்பட்டது. மூடுவதற்கான குறியை அழுத்துவது மறுப்பதாகவே பொருள்படும் என்று நம்பியிருந்த பயனர்கள் கொதித்தெழுந்தனர்.

அனுமதியின்றி நடந்த மேம்பாட்டால் தொழில் பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிறுதொழில் நடத்திய பெண் ஒருவர் வழக்குத் தொடர்ந்து 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். அந்த விஷயத்தில் எல்லை மீறிவிட்டதாக நிறுவனத்தின் அன்றைய சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலாவும் 2016 டிசம்பரில் ஒப்புக்கொண்டார்.

தொடக்கத்தில் விண்டோஸ் 10-இன் வீட்டுப் பதிப்பில் புதுப்பிப்பைத் தள்ளிவைக்க முறையான வழி இல்லை. 2019 மே மாதப் பதிப்பில்தான் அதிகபட்சம் 35 நாள்கள் நிறுத்திவைக்கும் வசதி வந்தது.

தனியுரிமை எங்கே நுழைகிறது?

புதுப்பிப்பு என்பது நிறுவனத்துக்கும் பயனரின் கருவிக்கும் இடையே நிரந்தரமாகத் திறந்திருக்கும் வழி. அதன் வழியே திருத்தங்கள் உள்ளே வருவதுபோல், தகவல்கள் வெளியே செல்லவும் ஏற்பாடு செய்ய முடியும். பயனர் நேற்று ஏற்றுக்கொண்ட நிபந்தனை இன்று மாறிவிடவும் கூடும்.

விண்டோஸ் 10 அளவுக்கு அதிகமாகத் தரவு திரட்டுவதாகக் கூறி, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் மைக்ரோசாப்ட்டுக்கு முறையான அறிவிக்கை அனுப்பியது. நிறுவனம் மாற்றங்களைச் செய்த பின், அடுத்த ஆண்டு அந்நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட ‘ரீகால்’ வசதி, சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துச் சேமிக்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்ட அது, பயனர் விரும்பினால் மட்டும் இயங்கும் வகையில் 2025 ஏப்ரலில் புதிய வகைக் கணினிகளுக்கு வந்தது.

விண்டோஸ் 10 பயனர்களுக்கு அளிக்கப்பட்டுள்ள கூடுதல் அவகாசத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற 30 டாலர் செலுத்தலாம். அல்லது மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் மேகக் கணினிச் சேமிப்பில் ஒத்திசைக்கலாம். அல்லது அந்நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகள் 1,000-ஐக் கொடுக்கலாம். பணமாகக் கொடுக்காதவர் தம் கணக்கையும் தரவையும் நிறுவனத்தோடு இணைக்க வேண்டியுள்ளது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் அமைப்புகளை ஒத்திசைக்கும் நிபந்தனை தளர்த்தப்பட்டது.

இந்தியாவில் இரண்டு சம்பவங்கள்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் செயலியைத் திறந்த பயனர்களை ஓர் அறிவிப்பு எதிர்கொண்டது. மாற்றப்பட்ட தனியுரிமைக் கொள்கையை ஏற்காவிட்டால் சேவையைத் தொடர இயலாது என்பதே அதன் சாரம். எதிர்ப்பு வலுத்ததால் பிப்ரவரி 8 என்ற கெடு மே 15-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ‘ஏற்றுக்கொள் அல்லது விலகு’ என்ற அந்த அணுகுமுறைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர் 18-ஆம் தேதி மெட்டா நிறுவனத்துக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது. 2025 நவம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. எனினும், விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஆணையம் விதித்திருந்த ஐந்தாண்டுத் தடையை நீக்கியது.

இரண்டாவது சம்பவத்தில் உத்தரவிட்டது அரசு. 2025 நவம்பர் 28-ஆம் தேதியிட்ட உத்தரவில், புதிய கைப்பேசிகள் அனைத்திலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை முன்கூட்டியே நிறுவுமாறு தொலைத்தொடர்புத் துறை கூறியது. ஏற்கெனவே தயாராகி விற்பனைக்குச் சென்றுவிட்ட கைப்பேசிகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வழியாக அச்செயலியை அனுப்பவும் அது அறிவுறுத்தியது. திருட்டுக் கைப்பேசிகளையும் இணைய மோசடியையும் தடுப்பதே நோக்கம் என்று அரசு விளக்கியது. கண்காணிப்புக்கு வழிவகுக்கும் என்ற எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, டிசம்பர் 3-ஆம் தேதி கட்டாய நிறுவல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

கேரளம் தேர்ந்தெடுத்த வழி

திருவனந்தபுரத்துக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பு கால் நூற்றாண்டைத் தொடுகிறது. மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை இருக்க வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் கொள்கை. அதன் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலை 20-ஆம் தேதி இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது இந்நகரில்தான். அதே காலகட்டத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ எனும் பள்ளிக் கணினித் திட்டமும் தொடங்கியது.

2006 ஆகஸ்டில் ஸ்டால்மன் மீண்டும் வந்து அன்றைய முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தனைச் சந்தித்தார். 2007-இல் வெளியான மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை அளித்தது. பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. 2017-இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டமே ‘கைட்’ நிறுவனமாக உருவெடுத்தது.

2019-இல் அந்நிறுவனம் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தை வெளியிட்டபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கான உரிமக் கட்டணமாக ரூ.3,000 கோடி மிச்சமாகும் எனக் கணக்கிட்டது. ஒரு கணினிக்குத் தேவையான தனியுரிம மென்பொருள்கள் அனைத்தையும் விலைக்கு வாங்கினால் ரூ.1.5 லட்சம் ஆகும் என்ற அடிப்படையில் அமைந்தது அந்தக் கணக்கு. 2023-இல் உபுண்டு 22.04 அடிப்படையிலான பதிப்பு வந்தது.

மிச்சமான தொகையே செய்திகளில் பெரிதும் பேசப்பட்டது. காலக்கணக்கும் அதற்கு இணையாகக் கவனிக்கத்தக்கது. உபுண்டு 18.04 உலக அளவில் வெளியானது 2018 ஏப்ரலில், 22.04 வெளியானது 2022 ஏப்ரலில். இரண்டுமே ஏறத்தாழ ஓராண்டு கழித்தே கேரள வகுப்பறைகளுக்கு வந்தன. பாடநூல்களுக்குத் தேவையான செயலிகள் சேர்க்கப்பட்டு, மலையாள வசதிகள் பொருத்தப்பட்ட பிறகே பதிப்பு பள்ளிக்குச் செல்கிறது. இத்தகைய உபுண்டு பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் கிடைப்பதால், காத்திருப்பதால் பாதுகாப்புக் குறைவதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தையும் பெரிய பதிப்பு மாற்றத்தையும் தனித்தனியே பிரித்துவைத்ததே இந்த ஏற்பாட்டின் பலம்.

வரம்புகளும் உண்டு

கட்டற்ற மென்பொருள் என்பதாலேயே சிக்கல்கள் தீர்ந்துவிடுவதில்லை. 2012-இல் வெளியான உபுண்டு 12.10-இல், பயனர் தம் கணினியில் தேடும் சொற்களுக்கு அமேசான் விற்பனைப் பொருள்களும் விடையாகக் காட்டப்பட்டன. ஸ்டால்மனே அதை உளவு மென்பொருள் என்று கண்டித்தார். 2016-இல் வந்த 16.04 பதிப்பில் அவ்வசதி இயல்பாக அணைக்கப்பட்டது. உபுண்டுவின் ‘ஸ்னாப்’ வகைச் செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வது குறித்தும் நீண்டகாலம் முறையீடுகள் இருந்தன.

தரவு விஷயத்தில் கேரள அரசும் நீதிமன்றத்தில் விடைசொல்ல நேர்ந்தது. 2020-இல் கொரோனா நோயாளிகளின் தரவைப் பகுத்தாய அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்பிரிங்ளர் நிறுவனத்துடன் செய்த உடன்பாடு சர்ச்சைக்குள்ளானது. தனிநபர் அடையாளங்களை நீக்கிய பிறகே தரவை அந்நிறுவனம் அணுக வேண்டும் என்றும், தரவு திரட்டும் முன் குடிமக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி இடைக்கால உத்தரவிட்டது. தரவு அரசு நிறுவனமான சி-டிட் வசம் வந்துவிட்டதாக அரசு பின்னர் தெரிவித்தது. கணினியில் எந்த மென்பொருள் உள்ளது என்பதுபோலவே, தரவு யார் கையில் உள்ளது என்பதும் தனித்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி தீர்ப்பளித்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், நிபந்தனையற்றதாகவும், தெளிவானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் அளிப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பும் அளிக்கப்பட வேண்டும். விதிமீறலுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இயலும்.

இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரவுள்ளன.

பயனர்கள் செய்யக்கூடியவை

* பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர்க்கக் கூடாது. விண்டோஸில் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ பகுதியில் பணி நேரத்தைக் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் புதுப்பிப்புக்காகக் கணினி தானாக மறுதொடக்கம் ஆவது தவிர்க்கப்படும்.

* ஒவ்வொரு பெரிய புதுப்பிப்புக்குப் பிறகும் தனியுரிமை அமைப்புகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். விண்டோஸில் ‘டயக்னாஸ்டிக்ஸ்’ பிரிவில், கட்டாயமற்ற தரவு அனுப்புதலை நிறுத்தும் வசதி உள்ளது.

* ஆண்ட்ராய்டு கைப்பேசியில், பிளே ஸ்டோரில் உள்ள செயலியின் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, குறிப்பிட்ட ஒரு செயலிக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தலாம். வங்கிச் செயலி, உலாவி ஆகியவற்றுக்கு இவ்வாறு செய்வது நல்லதல்ல.

* விண்டோஸ் 11 இயங்க டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை. 2017-க்கு முன் விற்பனையான பெரும்பாலான கணினிகள் இத்தகுதியைப் பெறுவதில்லை. அவற்றைக் கழித்துக்கட்டும் முன், பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிச் சோதித்துப் பார்க்கலாம். இதற்குக் கணினியில் உள்ள எதையும் அழிக்க வேண்டியதில்லை.

* புதிய நிபந்தனையை ஏற்கும் பொத்தானை அழுத்தும் முன், மறுத்தால் எந்தச் சேவை நிற்கும் என்பதைப் படித்தறிய வேண்டும்.

ஒரு மாநிலத்தின் கல்வித் துறைக்குச் சொந்தமாக இயங்குதளம் தயாரிக்கும் வலிமை உண்டு. வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவருக்கு அது இல்லை. பாதுகாப்புத் திருத்தத்தைப் பெறுவதற்குத் தரவை விலையாகக் கொடுக்க வேண்டுமா என்ற அவரது கேள்விக்கு, 2027 மே மாதத்துக்குப் பிறகு சட்டம் எவ்வாறு நடைமுறைப்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.