சாய்ந்து திரும்பும் கலை

200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட சக்தியும், ஏறக்குறைய 200 கிலோ எடையும் கொண்டு, நின்ற இடத்திலிருந்து கிளம்பி மூன்று விநாடி சொச்சத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுகிற இன்றைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை நேரான சாலையில் விரட்டுவதற்கு, வலது மணிக்கட்டை முறுக்கத் தெரிந்திருப்பதைத் தவிர வேறு வித்தை எதுவும் பெரிதாக வேண்டியதில்லை. பணம் கொடுத்து வாங்கியவன் எவனும் அதைச் செய்துவிடலாம். சாலை வளையத் தொடங்குகிற இடத்தில்தான் விஷயம் மாறுகிறது. அதுவரை யந்திரம் செய்துவந்த வேலையை அங்கே மனிதன் ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஏற்றுக்கொள்ளத் தெரியாதவனுக்கு, அத்தனை குதிரைகளும் அபாயத்தை விரைவுபடுத்துவதற்கே பயன்படும்.

கார் நிமிர்ந்தபடியே திரும்பும். இரு சக்கர வாகனமோ சாய்ந்தாலொழியத் திரும்பாது. எவ்வளவு சாய வேண்டும் என்பதை முக்கியமாக நிர்ணயிப்பவை வேகமும் வளைவின் ஆரமும் ஆகிய இரண்டே. வண்டியின் எடை இந்தக் கணக்கில் புகுவதில்லை. 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறவன் சுமார் 30 பாகை சாய்ந்தால் போதும். அதே வளைவை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 45 பாகை வேண்டும். 120 என்றால் 66 பாகை; அவ்வளவு சாய்வைச் சாதாரணச் சாலையில் எந்த டயரும் தாங்காது. மோட்டோ ஜிபி பந்தய வீரர்கள் 60 பாகைக்கு மேல் சாய்வதைத் தொலைக்காட்சியில் பார்த்து வியக்கிறோமென்றால், அவர்களுடைய டயர் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டு முன்கூட்டியே சூடேற்றப்பட்டது என்பதையும், தடத்தில் மணலோ சாணமோ கிடையாது என்பதையும் கூடவே நினைவில் கொள்வது நல்லது. வேகம் இரு மடங்கானால் வெளிப்புறம் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்ற ஒரே விதியைத்தான் வளைவுகளில் விழுந்தவர்களில் பலர் உடம்பால் கற்றிருக்கிறார்கள்.

சாய வேண்டும், சரி, சாய்ப்பது எப்படி? பல ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிற ஒருவரை நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்டால், உடம்பை அந்தப் பக்கம் வளைத்தால் வண்டி தானே போகிறது என்பார், அல்லது போக வேண்டிய பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்புகிறேன் என்பார். உண்மை இதற்கு நேர்மாறானது. வேகமாகச் செல்லும்போது வலப்புறம் திரும்ப வேண்டுமானால், வலது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். அதாவது, முன்சக்கரத்தை ஒரு கணம் இடப்புறம் திருப்ப வேண்டும். அப்போது கீழே சக்கரங்கள் இடப்பக்கம் விலக, மேலே வண்டியும் ஆளும் வலப்பக்கம் சாய்கிறார்கள். சாய்ந்த பிறகு முன்சக்கரம் தன் அமைப்பின் காரணமாகத் தானாகவே வலப்புறம் திரும்பி, வண்டி வளைவில் நிலைபெறுகிறது. விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், சைக்கிள் கடை நடத்தியவராதலால், இதை அந்தக் காலத்திலேயே கவனித்திருந்தார். சைக்கிள் ஓட்டுகிற எத்தனையோ பேரை விசாரித்தும், தாம் செய்வது இன்னதென்று சரியாகச் சொன்னவர் ஒருவருமில்லை என்று அவர் குறைப்பட்டிருக்கிறார்.

தெரியாமலே செய்துகொண்டிருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சாதாரண வேளையில் ஒரு நஷ்டமுமில்லை. ஆபத்து வேளையில்தான், கைக்குப் பழகியிருந்தும் புத்திக்குத் தெரியாத வித்தை கைவிட்டுவிடுகிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆராய்ச்சியாளர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே சென்று பரிசோதித்து, 1981-இல் வெளியிட்ட அறிக்கையில், இப்படி எதிர்த்திசையில் தள்ளி விலகிச் செல்லும் திறமை விபத்துக்குள்ளானவர்களிடம் அநேகமாக இல்லவே இல்லை என்று குறித்திருக்கிறார். வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படாமல் தாமாகவே விழுந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரின் விஷயத்தில் தவறு ஓட்டியவருடையதே. அளவுக்கு மீறி பிரேக் பிடித்து வழுக்கியவர்களும், வளைவில் வேகம் அதிகமாகியோ போதுமான அளவு சாயாமலோ அகன்று வெளியே ஓடியவர்களும் அவர்களில் மிகுதி.

போதுமான அளவு சாயாமல் என்ற சொற்களை வாசகர் சற்றே ஊன்றிக் கவனிக்க வேண்டும். வண்டிக்கு இன்னும் சாய இடமிருந்தது. ஓட்டியவன் மனத்தில்தான் இடமில்லை. நினைத்ததைவிட வளைவு இறுக்கமாக இருப்பதைக் கண்டதும் அவன் பயந்து, முன்பிரேக்கைச் சட்டென்று பிடிக்கிறான். சாய்ந்த சக்கரம் தரையைத் தொடுவது டயரின் நடுவில் அல்ல, ஓரத்தில். ஆகவே பிரேக்கின் இழுப்பு ஸ்டியரிங் அச்சுக்கு நேராக அமையாமல் ஒரு பக்கமாக விழுந்து, ஹேண்டில்பாரை வளைவின் உட்புறமாகத் திருப்புகிறது. மேலே சொன்ன எதிர்த்திசை விதியே இப்போது எதிரியாக வேலை செய்து, வண்டியை நிமிர்த்திவிடுகிறது. நிமிர்ந்த வண்டி நேராகத்தான் போகும். நேரே இருப்பதோ பள்ளம், அல்லது எதிரே வருகிற லாரி. அவன் கண்களும் அதையே வெறித்துக்கொண்டிருக்கும். கண் போன வழியே கை போவதும், கை போன வழியே வண்டி போவதும் இயற்கை.

இந்த பயத்தையே தம் பாடத்தின் மையமாக வைத்துக்கொண்டவர் கீத் கோட் என்ற அமெரிக்க ஆசிரியர். கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் என்ற பள்ளியை 1980-இல் நிறுவிய அவர், 1983-இல் வெளியிட்ட தம் நூலில், மனிதனுடைய கவனத்தைப் பத்து டாலர் நோட்டுக்கு ஒப்பிடுகிறார்: புதியவன் கிளட்சை விடுவதிலேயே அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறான், பழகியவனுக்கு அது காசு கணக்கில் முடிந்து, மிச்சமெல்லாம் வளைவைப் பார்ப்பதற்கு உதவுகிறது. உடம்பை வளைத்தால் வண்டி திரும்பும் என்று வாதிடுகிறவர்களுக்கென்று அவர் ஒரு விசித்திரமான பைக்கும் வைத்திருக்கிறார். வழக்கமான ஹேண்டில்பாருக்கு மேல், அசையாதபடி சட்டத்தோடு பிணைக்கப்பட்ட இரண்டாவது ஹேண்டில்பார் ஒன்று அதில் உண்டு. ஆக்ஸிலேட்டரும் அதில் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மாணவன் இப்படியும் அப்படியும் எவ்வளவு நெளிந்தாலும், வண்டி சோம்பலாக ஒரு பக்கம் ஒதுங்குமேயன்றி ஒழுங்காகத் திரும்பாது. இரண்டு நிமிஷத்தில் வாதம் முடிந்துவிடும். இந்தப் பள்ளியின் வகுப்புகள் நம் சென்னைக்கு அருகே, 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் நடந்திருக்கின்றன.

உடம்புக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறு வேலை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 15 உலகப் பட்டங்கள் வென்ற அகோஸ்தினியின் பழைய படங்களைப் பார்த்தால், முழங்கால்கள் பெட்ரோல் டாங்கோடு ஒட்டியிருக்க, வண்டியும் மனிதனும் ஒரே கோடாகச் சாய்ந்திருப்பதைக் காணலாம். ஃபின்லாந்திலிருந்து வந்த யார்னோ சாரினென், உறைந்த பனியில் பந்தயம் ஓட்டிப் பழகியவர், இருக்கையிலிருந்து உட்புறமாக இறங்கி முழங்காலை வெளியே நீட்டும் முறையைக் கையாண்டு, 1972-இல் 250 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இத்தாலியின் மோன்ஸா தடத்தில் உயிரிழந்தார். அம்முறையை வளர்த்துப் பிரசித்தமாக்கியவர், 1978 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 500 சி.சி. பட்டத்தை வென்ற கென்னி ராபர்ட்ஸ். உடலின் பாரம் உட்புறம் போனால், அதே வளைவை அதே வேகத்தில் கடக்க வண்டி சற்றுக் குறைவாகச் சாய்ந்தால் போதும். முறையின் ரகசியம் அவ்வளவே. முழங்கால் தரையில் உரசுவது, எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்கான அளவுகோல். மலைச்சாலையில் முழங்காலைத் தேய்த்துப் படம் பிடித்துக்கொள்கிற வாலிபர்களையும், டயரின் ஓரத்தில் தேயாத பட்டை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஒருவரையொருவர் கேலி செய்கிறவர்களையும் காணும்போது, அளவுகோலையே சரக்கு என்று எண்ணிவிட்டார்களே என்று தோன்றுகிறது.

தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது, ஒவ்வொரு டயரிலும் ஓர் உள்ளங்கையளவு ரப்பர்தான். பிரேக் பிடிப்பதற்கும், திரும்புவதற்கும், வேகமெடுப்பதற்கும் ஆன பிடிமானம் முழுவதும் அந்த உள்ளங்கையிலிருந்தே வர வேண்டுமாதலால், ஒன்றுக்கு அதிகம் கொடுத்தால் மற்றதற்குக் குறையும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, சாயச் சாய பிரேக்கைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, திசை நிச்சயமானதும் ஆக்ஸிலேட்டரை மெல்ல, விட்டுவிட்டு அல்லாமல் சீராகத் திறந்துகொண்டே போகிறவனுடைய வண்டி, பாரத்தில் பெரும்பங்கைப் பின்சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு அமைதியாக வளையும். அவசரப்பட்டு முறுக்கினாலோ, பின்டயர் வழுக்கிப் பக்கவாட்டில் ஒதுங்கும். அப்போது பயந்து ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று மூடினால் டயர் திடீரென்று பிடிமானத்தை மீட்டுக்கொண்டு, வண்டி ஒரு துள்ளலில் நிமிர்ந்து, ஆளை வானத்தில் எறியும். பந்தயக்காரர்கள் இதை ஹைசைட் என்கிறார்கள். வழுக்கி விழுவதைவிட இதற்கே அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலையைப் போன்ற இடங்களுக்குப் பந்தயத் தடத்தின் பாடம் அப்படியே பொருந்தாது. இடப்புறம் ஓட்டும் நம் தேசத்தில், வலப்புற வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்கிறவனுடைய டயர் தன் பக்கத்தில் இருந்தாலும், தலை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது; மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் பம்பர் வருகிற உயரமும் அதுதான். வளைவுக்கு அப்பால் மணல் கொட்டிக் கிடக்கலாம், லாரி டாங்கிலிருந்து டீசல் வழிந்திருக்கலாம். கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடிந்த வேகமே அங்கே சரியான வேகம்.

சாய்ந்த நிலையிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், வண்டியின் சாய்வைக் கணந்தோறும் அளந்து எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனங்கள் எல்லாம் விலையுயர்ந்த பைக்குகளில் இப்போது வந்துவிட்டன; பல உயிர்களைக் காக்கவும் செய்கின்றன. ஆயினும் 80 கிலோமீட்டருக்கு 45 பாகை என்ற கணக்கை எந்தச் சாதனமும் மாற்றாது, பயந்தவன் சார்பில் ஹேண்டில்பாரைத் தள்ளவும் தள்ளாது.

பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் பெற விரும்புகிறவர், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து தடையை விலகிக் காட்ட வேண்டும்; இளைஞர்களுக்கு முதலில் 35 கிலோவாட்டுக்கு உட்பட்ட வண்டியே அனுமதிக்கப்படுகிறது. நம் நாட்டில் நடை வேகத்தில், ஹேண்டில்பாரைத் திருப்பிய பக்கமே வண்டி போகிற வேகத்தில், எட்டுப் போட்டுக் காட்டினால் கியர் உள்ள எல்லா மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒரே லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது; 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டவர் மறுநாளே 1000 சி.சி. வண்டியில் மலையேறலாம், சட்டம் தடுக்காது. சக்திக்கேற்பப் படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் முறையை நம் அரசாங்கமும் கொண்டுவரத்தான் வேண்டும்.