ஓட்டக்காரரின் முழங்கால்: அறுவைக்குப் பின்

நெடுந்தொலைவு ஓடுவோரின் முழங்காலில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும் வலிகளில் பெரும்பாலானவை, ஓடும் தூரத்தைக் குறைப்பதாலும் தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்துவதாலுமே தணியக்கூடியவை. முழங்கால் சில்லுக்குப் பின்னால் எழும் வலியும், தொடையின் வெளிப்புறமாக இறங்கிவரும் நார்ப்பட்டை முழங்காலருகே எரிச்சலடைவதால் எழும் வலியும் அவ்வகையின. காலை நீட்டவோ மடக்கவோ இயலாதவாறு மூட்டு பூட்டிக்கொள்ளும்போதோ, பல மாதப் பயிற்சிக்குப் பின்னும் வலியும் வீக்கமும் திரும்பத் திரும்ப வரும்போதோதான் அறுவை என்னும் பேச்சு எழுகிறது.

அந்த அறுவை இன்று பெரும்பாலும் ஆர்த்ராஸ்கோபி முறையில், அதாவது சிறு துளைகளின் வழியே கேமராவையும் மெல்லிய கருவிகளையும் செலுத்திச் செய்யப்படுகிறது. ஜப்பானிய மருத்துவர் மசாகி வதனபே 1962இல் இம்முறையில் மெனிஸ்கஸின் கிழிந்த பகுதியை அகற்றியது இத்துறையின் தொடக்க மைல்கற்களுள் ஒன்று. மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே அமர்ந்து அதிர்வைத் தாங்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு. தோலின் மேலுள்ள தழும்பு சிறிதாயிருப்பதால் உள்ளே நடந்ததும் சிறிதென்று நோயாளிகள் கருதிவிடுகின்றனர்; குணமடையும் காலத்தைப் பற்றிய ஏமாற்றங்களில் பெரும்பகுதி இந்தத் தவறான கணிப்பிலிருந்தே பிறக்கிறது.

அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட்டின் வரலாறு இதற்குச் சான்றாகவும் எச்சரிக்கையாகவும் நிற்கிறது. 1984 ஏப்ரல் 25 அன்று வலது முழங்காலில் ஆர்த்ராஸ்கோபி செய்துகொண்ட அவர், 17 நாள்களுக்குப் பின் மே 12இல் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் 2 மணி 31 நிமிடம் 4 நொடியில் வென்றார்; ஆகஸ்ட் 5இல் லாஸ் ஏஞ்சலிஸில், பெண்களுக்கென முதன்முறையாக நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் தங்கம் பெற்றார். இக்கதை மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அவருக்கு அகற்றப்பட்டது பிளைக்கா எனப்படும், மூட்டின் உள்ளுறையில் தடித்துப்போன ஒரு மடிப்பு மட்டுமே. எடை தாங்கும் குருத்தெலும்பு எதுவும் தைக்கப்படவில்லை. அப்படியிருந்தும், வலது காலைக் காத்து ஓடியதில் இடது தொடையின் பின்தசை பாதிக்கப்பட்டது என்பதைக் கதை சொல்வோர் பலர் விட்டுவிடுகின்றனர்.

மெனிஸ்கஸின் கிழிந்த ஓரம் வெட்டி அகற்றப்பட்டால் சில நாள்களில் நடக்கவும், சில வாரங்களில் மெதுவாக ஓடவும் பலரால் இயலும். அதுவே தைக்கப்பட்டால் தையல் கூடுவதற்குப் பல மாதங்கள் தேவைப்படும். வயதுவந்தோரின் மெனிஸ்கஸில் வெளி விளிம்பை ஒட்டிய பகுதிக்கு மட்டுமே இரத்த ஓட்டம் இருப்பது இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். எலும்பில் நுண்துளைகளிட்டுப் புதிய திசுவை வளரச்செய்யும் மைக்ரோஃபிராக்சர் முறையிலோ, பெரும்பாலும் ஆறு வாரம் அல்லது அதற்கு மேலும் ஊன்றுகோலோடு கழிய, ஓட்டம் பாதி ஆண்டுக்கும் அப்பால் தள்ளிப்போகிறது.

எந்த அறுவையானாலும் முதலில் சோர்ந்துபோவது தொடையின் முன்புறத்திலுள்ள குவாட்ரிசெப்ஸ் தசைதான். மழையில் கம்பி அறுந்தால் மின்வாரியம் தெரு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்திவைப்பதைப் போல, மூட்டுக்குள் நீர் கோத்தவுடன் நரம்பு மண்டலம் அத்தசைக்குச் செல்லும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. வலியே இல்லாதபோதும் இது நிகழக்கூடும். ஆகவேதான் முதல் வாரங்களின் பிசியோதெரபி வீக்கத்தை வடியச் செய்வதையும், முழங்காலை முழுமையாக நீட்டப் பழக்குவதையும், படுத்தபடியே தொடைத்தசையை இறுக்கித் தளர்த்துவதையும் வலியுறுத்துகிறது. பார்வைக்கு அற்பமான இப்பயிற்சிகளையே ஓட்டக்காரர்கள் மிக எளிதாகக் கைவிடுகின்றனர். நீட்ட முடியாத முழங்கால் நொண்டி நடையைத் தருகிறது, அந்த நடை மற்ற மூட்டுகளின் மேல் சுமையை ஏற்றுகிறது.

ஓட்டத்துக்குத் திரும்புவதை நாட்காட்டியைக் காட்டிலும் முழங்காலே தீர்மானிக்க வேண்டும். வீக்கமின்மை, முழு நீட்சி, அறுவைக்குள்ளான காலின் தசைவலிமை மற்ற காலை ஏறத்தாழ எட்டியிருத்தல், படியிலிருந்து ஒற்றைக்காலில் தள்ளாடாமல் இறங்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்த பிறகே நடையும் ஓட்டமும் மாறிமாறி வரும் குறும்பயிற்சி தொடங்குகிறது. பயிற்சியின் போது வலிக்காத முழங்கால் மறுநாள் காலை வீங்கியிருந்தால், முந்தைய நாளின் அளவு மிகுதி என்பதே பொருள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சூடேறினாலோ, முன்னதில் இரத்தக்கட்டியும் பின்னதில் தொற்றும் இருக்கக்கூடும் என்பதால், உடனே மருத்துவரை அணுக வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

மூட்டுத்தேய்வு இல்லாத நடுவயதினரின், தேய்மானத்தால் வந்த மெனிஸ்கஸ் கிழிசலுக்கு அறுவை செய்வது, செய்ததுபோன்ற பாவனை அறுவையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று பின்லாந்தில் 146 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013இல் காட்டியது. எனவே அறுவைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் அது தேவைதானா என்றும், முடிந்த பின் உள்ளே வெட்டப்பட்டது எது, தைக்கப்பட்டது எது என்றும் மருத்துவரிடம் கேட்டு, அந்த விவரத்தை எழுத்தில் வாங்கிப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுவது நோயாளி தவறாமல் செய்யவேண்டிய வேலை.