அட்டையின் மூலையில் இருந்த எண்

பதினேழு என்று எழுத வேண்டிய இடத்தில் பதினெட்டு என்று எழுதினால் நாள் முழுக்க ஆடிய ஆட்டம் வீண். 2022ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை கோல்ஃப் விளையாட்டில் இதுதான் விதியாக இருந்தது. ஒருவர் நன்றாக அடித்து, நாலு மணித்தியாலம் வெயிலில் நடந்து, பதினெட்டுக் குழிகளையும் முடித்துவிட்டு வருவார். அட்டையின் மூலையில் தன் ஹேண்டிகேப்பை ஒன்று கூட்டி எழுதியிருந்தது தெரிந்ததும் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வேண்டுமென்று எழுதினாரா, மறதியில் எழுதினாரா என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் இந்த விளையாட்டைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் சலுகைக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வல்லவரும் சுமாராக ஆடுபவரும் ஒரே கோப்பைக்குச் சமமாக மோதவேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்படும் அடிகள்தாம் ஹேண்டிகேப். ஒருவர் 90 அடிகளில் சுற்றை முடிக்கிறார், அவருடைய சலுகை 17 என்றால் கழித்து 73 என்று எடுப்பார்கள். இன்னொருவர் 78 அடித்து, சலுகை நாலு என்றால் அவருக்கு 74. இங்கே அடி அதிகம் எடுத்தவருக்கே வெற்றி. இப்படி ஒரு கிளார்க்கும் கடைக்காரரும் சிறந்த ஆட்டக்காரரை நேர்மையாக வெல்லும் வழி வேறு விளையாட்டுகளில் அரிது. ஆனால் அந்த 17 என்ற எண் உண்மையாக இருந்தால்தான் எல்லாம். ஒன்று கூட்டி எழுதினால் 73 என்பது 72 ஆகிவிடும், அந்த ஒரு அடியால் இன்னொருவரின் கோப்பை கைமாறிவிடலாம்.

பழைய அட்டையைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். இரண்டாக மடித்த தடித்த காகிதம். உள்ளே ஒவ்வொரு குழிக்கும் ஒரு வரி: குழியின் இலக்கம், தூரம், எத்தனை அடியில் முடிக்கவேண்டும் என்ற அளவு, கடினத்தின் வரிசை, பிறகு அடிகளை எழுதுவதற்கு வெறுமையாக ஒரு கட்டம். மேலே பெயர், திகதி, ஹேண்டிகேப். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்று ஆடியவருக்கு, மற்றது மார்க்கருக்கு. உங்கள் அடிகளை உங்கள் அட்டையில் எழுதுவது நீங்கள் அல்ல, கூட ஆடும் மார்க்கர். அவருடைய அட்டை பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும். சுற்று முடிந்ததும் இருவரும் நின்று, குழி குழியாகச் சொல்லிச் சரிபார்த்து, கையெழுத்திட்டுப் பெட்டியில் போடுவார்கள். ஹேண்டிகேப் கட்டத்துக்கு மட்டும் ஆடியவரே பொறுப்பு.

அந்த விதியில் ஒரு நுட்பம் இருந்தது. உண்மையான சலுகையைவிடக் கூட்டி எழுதினால் நீக்கம். எழுதாமல் வெறுமையாக விட்டாலும் நீக்கம். குறைத்து எழுதினால் தண்டனை இல்லை, எழுதிய குறைந்த எண்ணையே வைத்துக் கணக்குப் பார்த்துவிடுவார்கள். தனக்கு நட்டம் வரும்படி பிழைவிட்டவரின் பிழையை அவரே சுமக்கலாம், மற்றவருக்கு நட்டம் வரும்படி பிழைவிட்டவருக்கு இடமில்லை. விளையாட்டு விதிகளில் இத்தனை நியாயமான ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்கு இப்படித் தன் எண்ணுக்குத் தானே பொறுப்பேற்பது புதுமையாகத்தான் படும். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அந்தப் பிள்ளைகளைப் பயிற்றுவித்த அமெரிக்க இயேசு சபைக் குரு வெபர் அடிகளாரின் பெயரில்தான் நகரின் மைதானமே இருக்கிறது. கூடைப்பந்தில் புள்ளியை மேசையில் இருப்பவர் எழுதுவார், பிழையை நடுவர் ஊதுவார், ஆடுபவன் ஆடினால் போதும். கோல்ஃபில் ஊதுவதற்கு ஆளில்லை. பற்றைக்குள் பந்து அசைந்ததை நீங்கள் மட்டுமே கண்டிருந்தாலும் நீங்களே சொல்லவேண்டும்.

இந்த அட்டை இலங்கைக்கு வந்தது வெள்ளைக்காரரோடு. 1879இல் கொழும்பு கோல்ஃப் கிளப் தொடங்கியபோது காலிமுகத் திடலில் ஆடினார்கள். 1896இல் பொரளைப் பக்கத்து ரிஜ்வே திடலுக்குப் போனார்கள். 1928இல் அரச பட்டமும் கிடைத்தது. களனிவெளிப் புகையிரதப் பாதை இன்றைக்கும் அந்தத் திடலை ஊடறுத்துத்தான் போகிறது. மலையகத்தில் நுவரெலியா கிளப் 1889இல் தொடங்கியது. துரைமாரும் அதிகாரிகளும் அட்டை எழுதினார்கள். பையைத் தோளில் சுமந்த கேடிமாருக்கு எந்தக் குழியில் எத்தனை அடி போனது என்பது மனப்பாடம். பந்து எந்தப் புல்லுக்குள் போனது என்று கண்டுபிடித்துக் கொடுப்பவர்களும் அவர்கள்தாம். ஆனால் கழகத்தின் போட்டி அட்டையில் ஆடியவர் என்ற இடம் அவர்களுக்குரியதாக இருக்கவில்லை. ஹேண்டிகேப் என்ற எண்ணே அங்கத்தவருக்குரிய சொத்தாக இருந்தது. இன்று என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற இலங்கை ஆட்டக்காரரின் தமிழ்ப் பெயர்கள் இந்தியத் தொழில்முறைத் தொடரின் முடிவுப் பட்டியல்களில் வருகின்றன. தொழில்முறை ஆட்டத்தில் சலுகை கிடையாது, அடித்தது அடித்ததுதான். அந்தப் பெயர்களைப் பத்திரிகையில் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

அட்டையில் ஓர் எண் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத சம்பவம் 1968இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் நடந்தது. ஆர்ஜென்டினாவின் ரொபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45ஆவது பிறந்தநாள். பதினேழாவது குழியை அவர் மூன்று அடியில் முடித்ததைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. மார்க்கராக இருந்த டொமி ஆரன் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டார். கையெழுத்திட்ட கூடிய எண்ணே நிலைக்கும் என்பது விதி. 65 என்பது 66 ஆனது. பொப் கோல்பியோடு மறுநாள் மோதியிருக்கவேண்டியவர் ஒரு அடியால் இரண்டாமிடத்தோடு வீடு போனார். அது சலுகை எண் அல்ல, குழிக் கணக்குத்தான். ஆனாலும் கையெழுத்துக்கு மேலே இருப்பது எல்லாம் உன் பொறுப்பு என்ற அதே கோட்பாட்டின் அடி அவர் மேல் விழுந்தது. குழிக் கணக்குக்கான இந்தப் பொறுப்பு இன்றும் மாறவில்லை.

மாறியது சலுகைக் கட்டம். அதற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல, கணக்கும் கூட.

2020 வரைக்கும் உலகில் ஆறு விதமான ஹேண்டிகேப் முறைகள் இருந்தன. அமெரிக்கருக்கு ஒன்று, பிரித்தானியருக்கும் அயர்லாந்தவருக்கும் ஒன்று, ஐரோப்பியர், ஆஸ்திரேலியர், தென்னாபிரிக்கர், ஆர்ஜென்டினர் ஆளுக்கொன்று. அந்த ஆண்டு எல்லாவற்றையும் இணைத்து ஒரே உலக முறை வந்தது. அதன்படி ஒருவர் கையில் இருப்பது ஒரு எண் அல்ல, மூன்று. 18.4 என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய தரச் சுட்டி, எங்கே போனாலும் கூட வரும். ஒரு திடலின் கடினத்தைக் காட்டும் சரிவு மதிப்பு 126, திடல் மதிப்பு 70.2, சம அடி 71 என்றால், 18.4ஐ 126ஆல் பெருக்கி முறையின் நிலையான எண்ணான 113ஆல் வகுத்து, 70.2இலிருந்து 71 போன மீதியைக் கூட்டினால் 19.7. முழு எண்ணாக்கினால் 20, அது அந்தத் திடலுக்கான சலுகை. தனியாள் அடிப் போட்டிக்கு அதில் நூற்றுக்கு 95 தான் என்பதால் ஆடும் சலுகை 19. வேறு நிறத் தொடக்க மேடையில் இருந்து அடித்தால் கணக்கு மறுபடியும் மாறும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். காலை ஆறரைக்கு, முதல் குழிக்கு முன்னால், பென்சிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர் 18 எழுதுவதா, 20 எழுதுவதா, 19 எழுதுவதா? தடுமாறிக் கூட்டி எழுதிவிட்டால் நீக்கம். அது களவு இல்லை, வெறும் தடுமாற்றம். ஒரு எண் இருந்த காலத்தில் நேர்மையைச் சோதித்த கட்டம், மூன்று எண் வந்த காலத்தில் கணிதத்தைச் சோதிக்கத் தொடங்கியது. விதிகளை வகுக்கும் இரு அமைப்புகளும், ஸ்கொட்லாந்தின் ஆர் அண்ட் ஏயும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும், 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பொறுப்பை ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துவிட்டன. சலுகையைக் கணிப்பதும் கழிப்பதும் போட்டிக் குழுவின் வேலை. எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய வழக்கமே வேண்டும் என்று விரும்பும் கழகம் உள்ளூர் விதியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

மாற்றம் சரியானதே என்பது என் எண்ணம். விரல் தவறியதற்கும் மனம் தவறியதற்கும் ஒரே தண்டனை கொடுப்பது நெடுநாள் நீடிக்கக்கூடாது. பழையவர்கள் சிலர் குறைப்பட்டார்கள், ஒழுக்கம் போய்விட்டதென்று. ஒழுக்கம் போகவில்லை, அதைக் கேட்கும் நாள்தான் மாறிவிட்டது.

முன்பு பிரித்தானிய வழியில் பெரும்பாலும் போட்டிச் சுற்றுகள்தாம் ஒருவரின் எண்ணை ஏற்றி இறக்கின. கோப்பைக்கான காலையில், எல்லோர் முன்னிலையிலும் நேர்மை கேட்கப்பட்டது. இப்போது சுட்டி என்பது கடைசி இருபது அட்டைகளில் மிகச் சிறந்த எட்டின் சராசரி. நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடிய சாதாரணச் சுற்றும் அதற்குள் போகலாம், போகவும் வேண்டும். அன்று ஒருவர் பிரமாதமாக அடித்துவிட்டு அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? அந்த நல்ல சுற்று எட்டுக்குள் வராது. சுட்டி இறங்காது. அடுத்த மாதக் கோப்பையில் அவருக்கு இரண்டு அடி இலவசம். போட்டிக் குழு தசமம் பிசகாமல் கணித்து அந்தப் பொய்யை அச்சிட்டுக் கொடுக்கும். சுட்டி திடீரென்று ஏறாமலிருக்க மேல்வரம்புகள் இருக்கின்றன. பன்னிரண்டு மாதத்தின் மிகக் குறைந்த அளவிலிருந்து ஐந்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். ஆனால் போடாத அட்டையைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. கெட்ட சுற்றுகளை மட்டும் தேடித்தேடிப் பதிகிறவரை, கூட ஆடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

புதிய முறையில் எனக்கு மிகவும் பிடித்தது காற்றுக் கணக்கு. ஒரு நாளில் குறைந்தது எட்டுப் பேர் அட்டை கொடுத்து, எல்லோரும் வழமைக்கு மாறாகக் கூட அடித்திருந்தால் திடலோ காற்றோ அன்று பாடாய்ப்படுத்தியிருக்கிறது என்று பொருள். அப்போது கணக்கில் மூன்று அடி வரைக்கும் தள்ளுபடி உண்டு. கச்சான் காற்று வைகாசி ஆனியில் கண்ணைத் திறக்கவிடாமல் வீசும் எங்கள் கிழக்குக் கரைக்கு இது சும்மா வந்த சலுகை அல்ல. 

கிழக்கில் இந்த ஆட்டத்தைப் பழக விரும்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் திருகோணமலைப் பக்கம் சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் திடல் இருக்கிறது. வாகரை, வெருகல், மூதூர் வழியாகப் போகும் வீதியில் முன்பு பாதைப் படகுக்குக் காத்து நின்று நின்றுதான் ஆறுகளைக் கடக்கவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின் மற்றப் பாலங்களும் வந்த பிறகு காலையில் வெளிக்கிட்டு, ஆடிவிட்டு, இரவுக்கு மட்டக்களப்பில் சாப்பிடலாம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு சுட்டி கிடைக்க மொத்தம் 54 குழிகளுக்கான அட்டைகள் போதும். பதினெட்டுக் குழிச் சுற்று மூன்று ஆடலாம், ஒன்பதும் பதினெட்டுமாகக் கலந்தும் ஆடலாம். தொடக்கத்தில் எவ்வளவு மோசமாக அடித்தாலும் 54.0 வரைக்கும் சுட்டி தருவார்கள். முன்பு ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 36 என்று கதவடைத்த கழகங்கள் பல. நேருக்கு நேர் ஆட்டத்துக்குப் போனால் மட்டும் பழைய விதி அப்படியே காத்திருக்கும்: முதல் அடிக்கு முன் தன் சலுகையை எதிராளிக்கு வாயால் சொல்லவேண்டும், கூட்டிச் சொல்லித் திருத்தாமல் விட்டால் நீக்கம். அத்தோடு, தனியே போய் ஆடிய சுற்று எதுவும் கணக்கில் சேராது. கூட ஒருவராவது நடந்திருக்கவேண்டும், அவர் அந்த அட்டையை உறுதிப்படுத்தவும் வேண்டும். ஆகவே மட்டக்களப்பிலிருந்து ஒரு பிள்ளை போனால் போதாது, இரண்டு பேராகப் போகவேண்டும்.